ஸ்டவ் என்று சொன்னேன்

அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டு இல்லை. ஜீன்ஸ் பேண்ட்டும் கம்பளிச் சட்டையும். என் மருமகன் செல்வம். நான். மேசை மேல் கிடந்த போனுக்குள் ஒரு பெண்ணின் குரல். அவள் எந்த ஊரில் உட்கார்ந்து பேசினாளோ தெரியாது. நான் சொல்வதை டச்சு மொழியிலும் டாக்டர் சொல்வதைத் தமிழிலும் சொல்வது அவளுக்கு வேலை. வேறு யாரும் இல்லை. டோக்கன் கொடுக்கிறவன் இல்லை, கதவைத் தள்ளி எட்டிப் பார்க்கிற அடுத்த ஆளும் இல்லை. எங்கள் பக்கம் டாக்டர் அறை என்றால் நமக்கு முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் வியாதி நமக்குத் தெரியும், நம் வியாதி அவர்களுக்குத் தெரியும். இங்கே கதவைச் சாத்திவிட்டார்கள்.

இது ராட்டர்டாம் நகரம். ஹாலந்து தேசம். மகள் மகேஸ்வரிக்குத் தலைப்பிரசவம் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தேன். எனக்குச் சொந்த ஊர் தாயில்பட்டி. ஐந்தாவது வரை படிப்பு, அதற்கப்புறம் பட்டாசு வேலை. மருமகன் சாத்தூர்க்காரர். சிவகாசியில் அச்சு வேலை படித்துவிட்டு, இங்கே அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில் இருக்கிறார். நான் வந்தது பிரசவம் பார்ப்பதற்கு, எனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கு இல்லை. ஆனால் வந்த இடத்தில் குளிர். வீட்டுக்குள்ளே சுவரோரம் சுடுதண்ணிக் குழாய் ஓடி வீட்டைச் சூடாக்குகிறது. அந்தக் காய்ந்த சூட்டில் என் வலது கைத் தோல் வெடித்தது. முழங்கையிலிருந்து கழுத்து வரைக்கும் எனக்குத் தீக்காயத் தழும்பு உண்டு. முழங்கை மடிப்பில் ஒரு புண் வந்தது. தேங்காய் எண்ணெய் வைத்தேன், மஞ்சள் வைத்தேன். ஆறவில்லை.

இந்த ஊரில் பிள்ளை பெற்றால் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வருகிறாள். ஒரு வாரம் போல தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்லிக்கொடுத்து, தாய்க்கு டீ போட்டுக்கொடுத்து, கக்கூசைக்கூடக் கழுவிவிட்டுப் போகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் பேர் அன்னேக். கெட்டிக்காரி. குழந்தையைத் துடைத்த துண்டில் என் புண்ணிலிருந்து பட்ட கறையை அவள் பார்த்துவிட்டாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள். டாக்டர் பார்க்கிற வரைக்கும் பாட்டி பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஐயாயிரம் மைல் பறந்து வந்தவள் தொட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டரைப் பார்ப்பது இங்கே லேசில்லை. ஊரில் புண்ணோடு போனால் புண்ணுக்கு மருந்து. இங்கே முதலில் நீங்கள் யாருடைய ஆள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு டாக்டர் உண்டு, ஹௌஸார்ட்ஸ் என்று பேர். அவர் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. நான் விருந்தாளி, எனக்கு ஹௌஸார்ட்ஸ் இல்லை. மருமகன் போன் போட்டார். ரத்தம் கொட்டுகிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றார். மூச்சு விட முடிகிறதா என்றார்கள், முடிகிறது என்றார். அப்படியானால் பாரசிட்டமால் போடச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் எங்கள் தெரு ஆட்களை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். விசாவுக்காக எடுத்த இன்சூரன்சில் கேட்டால், பழைய உடம்புக் கோளாறுக்கு அது கிடையாது என்றார்கள். "அத்தே, கீழ விழுந்து கையை ஒடிச்சிருந்தீகன்னா ராஜ வைத்தியம்" என்றார் மருமகன். "இப்பவும் மாடிப்படி இருக்கு மாப்ள" என்றேன். கடைசியில் அன்னேக்தான் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டு நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மாவே வெளியே வந்து "மெவ்ராவ் பால்ராஜ்" என்று கூப்பிட்டாள். மெவ்ராவ் என்றால் அம்மா. பால்ராஜ் என் வீட்டுக்காரர், செத்து மூன்று வருசம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அவர் பேர் இருப்பதால் இந்த ஊரில் நான்தான் பால்ராஜ். செத்த மனுசனைக் கூப்பிடுகிறாளே என்று உட்கார்ந்தே இருந்தேன். மருமகன் தட்டி எழுப்பினார். அவள் கையை நீட்டினாள். நான் கும்பிட்டேன். அவள் கும்பிட வந்தாள், அதற்குள் நான் கையை நீட்டினேன்.

உள்ளே போனதும் அவளும் மருமகனும் இங்கிலீசில் பேசினார்கள். தழும்பு எப்படி வந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். பட்டாசு வேலையில் தீ விபத்து என்று அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. சேலையை விலக்கி என் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். ஊசி போடவில்லை. ஊசி போடாத டாக்டரை நம்புவது கஷ்டம். பிறகு மருமகனை வெளியே உட்காரச் சொன்னாள். அவர் போனதும் போனை என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மா, வணக்கம்" என்றது குரல். இலங்கைப் பேச்சு. "டொக்டர் கேக்கிறா, இந்த எரிகாயம் எப்பிடி வந்தது எண்டு."

"ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பேர் கேட்டால் பேர் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

இதை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் லைசென்சு உள்ள கம்பெனியும் உண்டு, லைசென்சு இல்லாத கொட்டகையும் உண்டு. சீசன் வந்தால் கம்பெனியில் ஆர்டர் தாங்காது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, கருந்திரி உருட்டிக் கொடுப்பார்கள். வெடிக்குள் நெருப்பைக் கொண்டுபோகிற கறுப்புத் திரி அது. அங்கே தீப்பிடித்தால் போலீஸ் கேஸ். கேஸ் ஆனால் கொட்டகைக்காரன் ஜெயிலுக்குப் போவான், அவன் சொந்தக்காரனாகத்தான் இருப்பான், அந்தத் தெருவுக்கே அப்புறம் வேலை வராது. அதனால் காயம் பட்டவர்களை வண்டியில் ஏற்றும்போதே சொல்லிவிடுவார்கள். மகள் கல்யாணம் ஆவணியில் முடிந்தது, புரட்டாசியில் எனக்குத் தீப்பிடித்தது. லோடு ஆட்டோவில் என்னை வாழையிலை மேல் படுக்கவைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேட்டா ஸ்டவ்வு. என்ன? ஸ்டவ்வு." வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அழுதுகொண்டே ஸ்டவ்வு ஸ்டவ்வு என்று வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்சு வயசாளி. "ஸ்டவ்வா?" என்றாள். "ஸ்டவ்வு" என்றேன். "உங்க ஊர்ல வீடு வீடா கேஸ் அடுப்பு வந்தாச்சு. இன்னும் எங்கனருந்துதான் ஸ்டவ் வாங்குதீகளோ. அதுவும் தீவாளி சீசன்ல மட்டும் வெடிக்குது." சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். யாரும் மேலே கேட்கவில்லை. ஆறு வருசமாக அந்தத் தழும்பைப் பார்த்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே சொல். ஊரில் எல்லாருக்கும் உண்மை தெரியும். தெரிந்தவர்களிடம் சொல்கிற பொய்க்குப் பாரம் கிடையாது.

ராட்டர்டாமில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஸ்டவ் என்ற ஒரே சொல்லைப் போனுக்குள் குரல் டச்சில் நீளமாகச் சொல்லிற்று. டாக்டரம்மா நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது நடந்தது எப்ப அம்மா?"

"மகளுக்குக் கல்யாணம் முடிஞ்ச மறு மாசம்."

"உங்கட மருமகன் அப்ப அங்க இருந்தவரோ?"

"ஆமா. மறுவீட்டுக்கு வந்திருந்தாக."

"டொக்டர் கேக்கிறா, கலியாணத்தில காசு, நகைப் பிரச்சினை ஏதும் இருந்ததோ?"

"பேசுனதுல கொஞ்சம் பவுன் கொறைஞ்சிருச்சு."

"அதைக் கேட்டவையோ?"

"கேக்காம இருப்பாகளா?"

கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான் பொய். குறைந்த பவுனைச் சரிக்கட்டத்தான் நான் சீசனில் கொட்டகைக்குப் போனேன். ஆனால் கொட்டகையை எடுத்துவிட்டு அங்கே ஸ்டவ்வை வைத்துப் பார்த்தால், கல்யாணமான மறு மாசம், நகை பாக்கி, மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறார், மாமியார் மேல் தீ. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் கையைக் காட்டி, புண்ணுக்கு மருந்து எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். "பயப்பிடாதேங்கோ அம்மா. அவர் வெளியிலதான் நிக்கிறார்" என்றது குரல். நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

மருமகனை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அவரிடம் முகத்தை மாற்றாமல் ஏதோ கேட்டாள். அவர் முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பினார். "அத்தே, என்ன சொன்னீக? ஸ்டவ்வுன்னா சொன்னீக? பட்டாசுன்னு நான் சொல்லியிருக்கேன்." அப்போதுதான் விளங்கிற்று. போனைப் பார்த்து, "பட்டாசுதாம்மா, பட்டாசுதான்" என்றேன். குரல் அதையும் சொல்லிற்று. புது வருசத்துக்கு வெடித்தபோதா என்று டாக்டரம்மா கேட்டாள். இந்த ஊரில் டிசம்பர் முடிய நம் தீபாவளி மாதிரி வெடி போடுகிறார்கள். பட்டாசு என்றால் அவர்களுக்கு வெடிக்கிறதுதான், செய்கிறது இல்லை. இல்லை என்றேன். மருமகன் தமிழில் ஏதோ சொன்ன பிறகு கிழவி பேச்சை மாற்றுகிறாள் என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது.

அப்படிப் பார்த்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டாள். புண்ணில் துளி சதையை வெட்டி எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டாள். பழைய தீக்காயத்தில் ஆறாத புண் சிலசமயம் கெட்ட புண்ணாக மாறும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். பாண்டேஜ் சுற்றினாள், இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்றாள். வாசல் வரை வந்து கை கொடுத்தாள். மருமகனிடம் மட்டும் இன்னொன்று சொன்னாள். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, அதனால் குழந்தைகளைப் பாதுகாக்கிற ஒரு ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும், அங்கேயிருந்து ஒரு ஆள் உங்கள் வீட்டுக்கு வருவார்.

டிராமில் மருமகன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வீட்டில் மகள் பேசினாள்.

"ஏம்மா, இங்க வந்துமா ஸ்டவ்வு? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாகம்மா. இந்த ஊர்ல செய்வாக. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல நடந்திருக்கு."

"வாயில வந்திருச்சு."

"வாயில வந்திருச்சாம். நகைப் பேச்சும் வாயில வந்திருச்சாக்கும்?"

மருமகன் குறுக்கே வந்தார். "விடு மகேசு. அத்தை வேணும்னா சொன்னாக?" கொஞ்சம் நின்று, "ஆனாலும் அத்தே, மிச்சப் பவுனக் கேட்டோம்னு சொல்லிப்புட்டீகளே" என்றார்.

"கேட்டீகள்ல?"

"எங்க அம்மால்ல கேட்டாக."

"கேட்டீகளான்னுதான் கேட்டாக. அம்மாவா அப்பாவான்னு கேக்கல."

மகள் சிரித்துவிட்டு உடனே அழுதாள். பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அன்று முதல் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மருமகன் கம்பெனியிலிருந்து வந்ததும் தரையைத் துடைப்பார், துடைத்த தரையை மறுபடி துடைப்பார். சாமி விளக்கை அலமாரிக்குள் வைத்தார். நெருப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது என்றார். நான் கழுவின பாத்திரத்தைக் கழுவினேன். வாசல் மணி அடித்தால் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்கு ஓடினாள், வந்தது பார்சல்காரன். பிள்ளை தும்மினால் மூன்று பேரும் எழுந்தோம். ஜன்னலில் திரை போட்டால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள், போடாவிட்டால் தெருவே பார்க்கிறது. பாதி போட்டோம். இதற்கு நடுவில் டாக்டரம்மா போன் பண்ணினாள். சதையைச் சோதித்தாகிவிட்டது, கெட்டது இல்லை, களிம்பு போட்டால் ஆறிவிடும் என்றாள். மகள் "சரி" என்று போனை வைத்தாள். அப்புறம் வந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வருகிற ஆளிடம் பட்டாசு என்று சொன்னால் போதாது. எங்கே, யார் கொட்டகை, கூட யார் என்று கேட்பார்கள். கொட்டகை என் தம்பி மாரியுடையது. அவனைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன். ஊருக்குப் போன் போட்டேன்.

"யக்கா, சொன்னா கேஸ் ஆயிருமா?"

"ஹாலந்து போலீசு தாயில்பட்டிக்கு வருமாலே?"

"வராதுல்ல?"

"பஸ் மாறி வரணும். வராது."

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு இப்போது பேன்சிக் கடை. கொட்டகை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அவன் அந்தப் பக்கம் போவதில்லை. "மாப்பிள்ளை மேலல்ல பழி விழுது" என்றேன். "சொல்லுக்கா. அவ பேரு மட்டும் வேண்டாம்" என்றான். அவள் என்றது யாரை என்று எனக்குத் தெரியும். சரி என்று வைத்துவிட்டேன்.

வந்தவள் சைக்கிளில் வந்தாள். தலையில் கவசம், மழைக் கோட்டு, ஐம்பது வயசு இருக்கும். செருப்பை அவளாகவே வாசலில் கழற்றினாள். மகளிடம் தனியாகப் பேசினாள். பிள்ளையைச் சட்டை கழற்றிப் பார்த்தாள். மருமகனிடம் தனியாகப் பேசினாள். அவர் வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. பிறகு சமையலறையில் நானும் அவளும். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு மகள் கதவைச் சாத்தினாள். மேசை மேல் போன். அதே இலங்கைக் குரல்.

நான் முதலில் அந்தக் குரலிடம்தான் சொன்னேன். "தாயி, நான் சொல்றத அப்படியே சொல்லணும். ஸ்டவ்வுன்னு சொன்னது எங்க ஊரு வழக்கம். அடிபட்டவுக எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். மாப்பிள்ளை அன்னைக்கு வீட்டுல தூங்கிட்டு இருந்தாக. சத்தம் கேட்டு மொதல்ல ஓடி வந்தது அவுகதான். என் மேல சாக்கப் போட்டு உருட்டுனது அவுகதான். அவுக உள்ளங்கையப் பாக்கச் சொல்லுங்க." குரல் நின்று நின்று சொல்லிற்று. வந்தவள் எழுந்து போனாள். மருமகனின் கையைப் பார்த்திருப்பாள். ரெண்டு உள்ளங்கையிலும் அந்தச் சுருக்கம் உண்டு. டாக்டர் அறையிலும் அந்தக் கை மேசை மேல்தான் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கருந்திரி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு சின்னக் கொட்டகை என்று கேட்டாள். இவ்வளவுதான் என்று அந்தச் சமையலறையைக் கையால் சுற்றிக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் எழுதினாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, இதில் பிள்ளைக்கு ஆபத்து எதையும் நான் பார்க்கவில்லை, இதோடு முடித்து எழுதிவிடுவேன், இனி யாரும் வர மாட்டார்கள் என்றாள். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் மகள் நிற்கிறாள் என்று தெரியும். கேட்டிருப்பாள்.

இன்னும் ஒரு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவேன். அங்கே யாராவது கேட்டால் ஸ்டவ் என்றுதான் வரும். இந்த ஊர்க் காகிதத்தில் பட்டாசு என்று இருக்கும். கை ஒன்றுதான்.

அவள் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். போகாமல் நின்றாள். எழுதுவதற்கு இல்லை, எனக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கு அந்தக் கொட்டிலுக்குள்ள எத்தினை பேர் இருந்தனீங்கள் எண்டு கேக்கிறா அம்மா."

எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. எல்லாரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஸ்டவ் என்று நம்ப மாட்டார்கள் என்று ஆளுக்கு ஒரு ஊராகப் பிரித்து ஏற்றினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒருத்திதான், ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்டவ்.

"நான்" என்றேன். "பக்கத்து வீட்டு சுந்தரி. அவ பொழைச்சுக்கிட்டா, ஒரு கண்ணு தெரியாது. என் தம்பி பொண்டாட்டி. அவ பத்து நாள் கெடந்து போயிட்டா."

"மூண்டு பேர்" என்று குரல் டச்சில் சொல்லப் போயிற்று.

"இரு தாயி" என்றேன். "அவளுக்கு அது அஞ்சாம் மாசம்."

பிள்ளை என் மடியில் கால் உதைத்தது. பாண்டேஜ் போட்ட கையால் பிடித்துக்கொண்டேன்.

"நாலு."